அறுபத்தொன்றாவது உள்ளேன்

மா. திரி என்கிற மாணவன் அந்தப் பருவத்தில் ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போடவில்லை. காய்ச்சல், கல்யாணம், பஸ் ஸ்டிரைக், புதுப்பட ரிலீஸ் எதுவும் அவனைத் தடுக்கவில்லை. அவன் பிறக்கவே இல்லை என்பதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துணைவேந்தர் பழனிவேலப்பன் அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மகுடேஸ்வரிக்கு டீ புரையேறியது.

"மெதுவாம்மா," என்றார் துணைவேந்தர். "திரி. விளக்குத் திரி மாதிரி. நல்ல பேரு. தமிழ்ப் பற்றுள்ள குடும்பமா?"

"பாக்கணுங்க சார்," என்றாள் மகுடேஸ்வரி, இருமலுக்கு நடுவே.

"நாளைக்கு விழாவுல பாத்துக்கலாம். நூத்துக்கு நூறு வருகை. முன்மாதிரி மாணவர் விருது அவனுக்குத்தான். சென்னையில இருந்து செயலாளர் அம்மா வர்றாங்க. உங்க கண்சாட்சி வருகைப் பதிவு அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மொதல்ல காலேஜு, அப்புறம் ஆஸ்பத்திரி, ஆபீசுன்னு தமிழ்நாடு பூராவும் கொண்டுபோறாங்களாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பணிநிரந்தர ஆர்டரையும் அவங்க கையாலயே குடுக்கச் சொல்லியிருக்கேன். ஏழு வருஷம் ஆச்சுல்ல?"

ஏழு வருஷம் ஆகிவிட்டது. நொய்யல் பல்கலைக்கழகத்தில் மகுடேஸ்வரி ஒரு கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பதவியின் பெயரிலேயே வந்துவிடுவதால் வேறெங்கும் அதைத் தனியாகத் தருவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் வேலை உண்டா என்று நோட்டீஸ் போர்டில் எட்டிப் பார்க்கும் பிழைப்பு நாளை மாலையோடு முடியப் போகிறது.

ஒரே ஒரு புள்ளி மட்டும் குறுக்கே நின்றது. அதை வைத்ததும் அவள்தான்.

ஜூன் மாதம் அந்தப் பாடம் தொடங்கியது. 'பிளாக்செயின் மற்றும் கிரிப்டோகரன்சி அடிப்படைகள்'. அறுபது பேர் சேர்ந்தார்கள். முதல் நாள் முதல் கேள்வியை வகுப்புத் தலைவன் நவநீதன் கேட்டான். நெடுநெடுவென்ற உயரம், எப்போதும் பாதிச் சிரிப்பு.

"காயின் எப்பங்க மேடம் குடுப்பீங்க?"

"காயினெல்லாம் கெடையாது. உங்களுக்கு நான் ஒரு ஏடு தரப்போறேன்," என்றாள் மகுடேஸ்வரி. "ஒரே ஏடு, அறுபது பேர் போன்லயும் அறுபது காப்பி. ஒருத்தன் திருத்துனா மத்த அம்பத்தொம்பதும் காட்டிக்குடுத்துரும். ஒவ்வொரு பக்கமும் முந்தின பக்கத்தோட முத்திரையைச் சுமந்துட்டுப் போகும். அதனால நடுவுல ஒரு பக்கத்தைக் கிழிக்க முடியாது. பிளாக்செயின்னா அவ்வளவுதான்."

"அதுல என்னத்தங்க எழுதறது?"

"நீங்க எல்லாரும் பொய் சொல்ற ஒரே விஷயத்தை. அட்டெண்டன்ஸ்."

வகுப்பு முனகியது. மகுடேஸ்வரிக்கு அந்த முனகல் இனித்தது. 'கண்சாட்சி' என்று பெயர் வைத்து, விதிகளை அவளே யோசித்து யோசித்து எழுதியிருந்தாள். காலையில் வந்ததும் நீ 'உள்ளேன்' என்று அமுக்கு. உன்னைக் கண்ணால் பார்த்த ஐந்து பேர் 'உள்ளார்' என்று அமுக்கினால் நீ இருக்கிறாய். இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாளும் தவறாமல் வருகிறவனின் சாட்சி மட்டும் ஐந்து பேருக்குச் சமம். யாராவது விட்டுப்போனால் பிறகு 'பின்சாட்சி' சொல்லலாம், சம்பந்தப்பட்டவர் 'ஏற்கிறேன்' என்று அமுக்கினால் அது ஏடேறும். அழிக்க மட்டும் யாராலும் முடியாது.

"நீங்க நெனைச்சாலுமாங்க மேடம்?" என்று கேட்டான் நவநீதன்.

"இதுல வாத்தியார் சொல்லு செல்லவே செல்லாது. அட்டெண்டன்ஸ் பத்தி எங்கிட்ட யாரும் வந்து அழக்கூடாது," என்றாள் அவள் பெருமையாக.

கைதட்டல்கூட வந்தது. பிறகு திரையில் செய்துகாட்ட ஒரு பொய்ப் பெயர் தேவைப்பட்டது. 'மாதிரி' என்று தட்டினாள். பல்கலைக்கழக மென்பொருள் அதை ஏற்கவில்லை. 'தலைப்பெழுத்து இல்லை' என்று சிவப்பாக முறைத்தது. இனிஷியல் இல்லாத மனிதன் இந்த ஊரில் ஏது? மணி அடிக்க இரண்டு நிமிஷம்தான் இருந்தது. அவசரத்தில் முதல் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். மா. திரி.

மென்பொருள் திருப்தியடைந்தது. அறுபத்தொன்றாவது மாணவன் பிறந்துவிட்டான்.

துணைவேந்தர் அறையிலிருந்து அவள் நேராகக் கேண்டீனுக்குப் போனாள். நவநீதன் முட்டை பப்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"திரி எங்கப்பா?"

பப்ஸ் பாதி வழியில் நின்றது. "எந்தத் திரிங்க மேடம்?"

"முன்மாதிரி மாணவர் விருது வாங்கப்போற திரி."

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சிரிப்பைத் தட்டில் வைத்தான். "நாங்க வேணும்னு பண்ணலீங்க மேடம். சும்மா ஜாலிக்கு அல்லாரும் அவனுக்கு 'உள்ளார்' போட்டோம். ஒரு மாசங் கழிச்சுப் பாத்தா அவனோட சாட்சி அஞ்சு பேருக்குச் சமம்னு ஆகிப்போச்சு. மனுசன் எவனுமே ஒரு நாளும் தவறாம வரமுடியாதுங்களே. எங்க கிளாஸ்லயே உருப்படியான ஆளு திரி அண்ணன் ஒருத்தர்தான்."

"அண்ணன் வேறயா?"

"யாருக்கு லீவு வேணும்னாலும் அவரு ஒரு அமுக்கு அமுக்குனாப் போதுமுங்க. கோயில் கட்டலாம்."

"அவனோட சாவி உங்களுக்கு எப்படிக் கெடைச்சுது? அது தெரியாம அவன் பேர்ல எதையும் அமுக்க முடியாதே."

நவநீதன் தலையைச் சொறிந்தான். "மொத நாளு, ரகசியச் சாவியை யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தீங்கள்ல?"

"ஆமா."

"அப்பப் பெரிய ஸ்கிரீன்ல காட்டுனீங்க. அல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டோம்."

மகுடேஸ்வரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு சாவி, அறுபது கைகள். தமிழ்நாடு முழுக்கப் போகவிருக்கும் கண்சாட்சிக்கு முதல் ஓட்டையைப் போட்டது அவளுடைய சொந்த விரல்.

நாளை ஒரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். விருதைத் தபாலில் அனுப்பச் சொல்லலாம். திரிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லலாம். யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி அவள் சமாதானமாகிக்கொண்டிருந்தபோதுதான் துறை வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள்.

தாரகை. மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம். பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார். கையில் ஒரு தாள் இருந்தது. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்கிட்ட வந்து அழக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க மேடம். அதனால ஆபீசுக்குப் போனனுங்க. அவிங்க ஏட்டுல இல்லைன்னு சொல்லிட்டாங்க."

"என்னது இல்லை?"

"நானுங்க."

தாளை வாங்கிப் பார்த்தாள். அறுபத்து நான்கு நாள். தாரகை வந்தது பதினொன்று. பதினேழு சதவீதம். எழுபத்தைந்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹால் டிக்கெட் பதிவு மூடும். ஹால் டிக்கெட் போனால் வருஷம் போகும். வருஷம் போனால் கட்டணச் சலுகையும் போகும். சலுகை போனால் தாரகைக்கு இந்தப் படிப்பே இல்லை.

"நீ தினமும் வந்தியேம்மா. நானே பாத்தேனே."

"நீங்க பாத்தது செல்லாதுங்களே மேடம்."

குத்திக்காட்டவில்லை. விதியை ஞாபகப்படுத்தினாள், அவ்வளவுதான். மகுடேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

"ஏன் யாரும் உனக்கு அமுக்கலை?"

தாரகை செருப்பு நுனியைப் பார்த்தாள். "மூணாவது வாரம் ஒரு நாளு, அறுபதுக்கு அறுபதுன்னு காட்டி நீங்க சந்தோசப்பட்டீங்க. நான் எந்திரிச்சு, எண்ணிப் பாருங்க மேடம், முப்பத்தெட்டு பேருதான் இருக்கோம்னேன். நீங்க ஏடு சொன்னா அதுதான் உண்மைன்னீங்க. அல்லாரும் சிரிச்சாங்க."

மகுடேஸ்வரிக்கு ஞாபகம் வந்தது. அவளும் சிரித்திருந்தாள்.

"அன்னைக்குப் பொழுதோட கிளாஸ் குரூப்புல பேசி வெச்சுட்டாங்க, இவளுக்கு யாரும் அமுக்கக்கூடாதுன்னு. அமுக்குனா அவங்களையும் சேத்து ஒதுக்கிருவாங்களாம். நான் தினமும் 'உள்ளேன்' போடுவனுங்க. கீழ ஜீரோன்னு வரும். பழகிப்போச்சு."

மூன்றாவது பெஞ்சில் அவளைச் சுற்றி எப்போதும் இடம் காலியாக இருக்கும். ஜன்னல் காற்றுக்காக உட்கார்ந்திருக்கிறாள் என்று மகுடேஸ்வரி நினைத்திருந்தாள்.

"சித்தெ இரு. உன் போனைக் குடு," என்றவள் ஏட்டைத் திறந்தாள். மூன்று மாதத்தில் மொத்த எண்ணிக்கையைத் தாண்டி அவள் அதைத் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. தானாக ஓடுகிற ஒன்றை எதற்குப் பார்க்க வேண்டும்? தாரகை பெயருக்குக் கீழே ஒரு மஞ்சள் பட்டை. 'ஏற்பதற்குக் காத்திருக்கும் பின்சாட்சிகள்: 53.'

"தாரகை, உனக்கு ஐம்பத்து மூணு பின்சாட்சி வந்திருக்கு. ஒண்ணு விடாம எல்லா நாளும். யாரு போட்டது..."

பெயரைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்றும் மா. திரி.

"தெரியுமுங்க," என்றாள் தாரகை.

"தெரியுமா? அடிப் பைத்தியமே, 'ஏற்கிறேன்'னு ஒரு அமுக்கு அமுக்கியிருந்தா..."

"அப்படி ஒரு ஆளே இல்லீங்களே மேடம். பாக்காத ஆளுக்கு நான் 'உள்ளார்' போடமாட்டேன்னு சொன்னதுக்குத்தான இவ்வளவும். அப்பறம் இல்லாத ஆளு வந்து நான் இருக்கேன்னு சாட்சி சொல்லி, அதை வாங்கிட்டுப் பரிட்சை எழுதறதுங்களா? அதுக்கு நான் இல்லாமயே இருந்துக்கறனுங்க."

இவ்வளவு மென்மையான குரலில் இவ்வளவு பிடிவாதத்தை மகுடேஸ்வரி கேட்டதில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக்கு விழாவுக்கு வா. அஞ்சு மணி வரைக்கும் டயம் இருக்கு."

எதற்காக வரச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தாரகை போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த ஐம்பத்து மூன்று வரிகளையும் உற்றுப் பார்த்தாள். இல்லாத ஆள் அமுக்க முடியாது. ஏதோ ஒரு விரல் அமுக்கியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நேரம் பதிவாகியிருந்தது. மாலை 4.40. மறுநாளும் 4.40. அதற்கு மறுநாள் 4.41. நாற்பத்தொன்பது நாள் இப்படியே. கல்லூரிப் பஸ் கிளம்பும் நேரம்.

நான்கு நாள் மட்டும் வேறு. செப்டம்பர் இரண்டாம் வாரம். காலை 8.05, மதியம் 1.20, இரவு 9.10, மறுபடி காலை 6.30.

செப்டம்பர் இரண்டாம் வாரம் யார் வரவில்லை? ஏட்டின்படி தாரகையைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள், திரி அண்ணன் புண்ணியத்தில். ஆனால் மகுடேஸ்வரியின் கண்ணுக்கு அந்த வாரம் ஒரு நெடிய உருவம் இல்லாமல் வகுப்பு மொட்டையாகத் தெரிந்தது ஞாபகம் வந்தது. டெங்கு என்றார்கள்.

பஸ் நிறுத்தத்தில் அவனைப் பிடித்தாள். மணி 4.35. ஒரு கையில் பை, மறு கையில் போன்.

"என்ன நவநீதா, திரி அண்ணனுக்கு டூட்டி டைம் ஆச்சா?"

அவன் முகத்திலிருந்த பாதிச் சிரிப்பு முழுசாகப் போய்விட்டது.

"ஒதுக்கச் சொன்னதும் நீ. சாட்சி போட்டதும் நீ."

"ஒதுக்கச் சொன்னது நான் இல்லீங்க மேடம்," என்றான் மெதுவாக. "குரூப்புல யாரோ போட்டாங்க. அல்லாரும் கட்டைவிரல் தூக்குனாங்க. லீடரு நான் கம்முனு இருந்தா என்ன நெனைப்பாங்கன்னு நானும் தூக்கிட்டேன். பஸ்ல ஏறுனா மொத சீட்டுல அந்தப் புள்ள தனியா உக்காந்திருக்கும். எனக்குப் பொக்குன்னு போயிரும். அதான் திரி பேர்ல போட்டுருவேன். அது வாங்கிக்கவே இல்ல."

"உன் பேர்ல போடு. வாங்கிக்குவா."

"நான் ஒருத்தன் போட்டு என்னங்க ஆகும்? அஞ்சு பேரு வேணும். அந்தப் புள்ளைக்கும் ஆகாது, நாளையிலிருந்து எனக்கும் கிளாஸ்ல ஆகாது."

"அறுபது பேர்ல இன்னும் நாலு பேர் தேற மாட்டாங்களா?"

"நான் பாத்த வரைக்கும் இல்லீங்க மேடம்," என்றான் நவநீதன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். அந்த நான்கு நாள் கணக்கைக் கேட்க வாயெடுத்தவள் விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜுரம் விட்டபோதெல்லாம் போட்டிருப்பான், பாவம்.

வெள்ளிக்கிழமை. அரங்கத்தில் ஏசி ஓடியது, அல்லது ஓடுவதாகச் சத்தம் போட்டது. செயலாளர் அம்மா மேடையில் நடு நாற்காலியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். துணைவேந்தர் அரை மணி நேரம் வரவேற்றார். அவர் சட்டைப் பையில் ஒரு பழுப்பு உறை எட்டிப் பார்த்தது. மகுடேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தால் அந்த உறை இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திறந்தாலும் தாரகைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதுதான் வேடிக்கை. வாத்தியார் சொல் செல்லாது. நன்றாக எழுதினாய் மகுடேஸ்வரி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மணி நாலரை.

"அடுத்ததாக," என்றார் துணைவேந்தர், "கண்சாட்சி கண்டெடுத்த முத்து. ஒரு நாளும் தவறாத முன்மாதிரி மாணவர், மா. திரி அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்."

யாரும் எழவில்லை. பின்வரிசையில் ஒரு கனைப்பு. அடக்கிய சிரிப்பு ஒன்று மூக்கு வழியாக வெளியேறிய சத்தம்.

"கூச்சப்படாம வாப்பா திரி. ஸ்கூல்ல சொல்ற மாதிரி 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லிட்டு வா பாக்கலாம்."

மகுடேஸ்வரி எழுந்து மைக்கிடம் போனாள்.

"சார், திரி வரமாட்டான். அந்தப் புள்ளியை எடுத்துட்டுப் படிங்க."

துணைவேந்தர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. மா, திரி. மாதிரி. அவர் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது. மகுடேஸ்வரி அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"சோதனைக்கு நான் எழுதுன பேரு. அது அறுபத்து நாலு நாளும் வகுப்புக்கு வந்திருக்கு. அதே வகுப்புல தாரகைன்னு ஒரு பொண்ணு, ரெண்டு பஸ் மாறி, தினமும் வந்துச்சு. ஏட்டுல அது ஐம்பத்து மூணு நாள் இல்லை. இல்லாதவனை இருக்கான்னும், இருக்கறவளை இல்லைன்னும் எழுதுனது என்னோட கண்சாட்சிதான். எந்தக் கோளாறும் இல்லாம, நான் சொல்லிக்கொடுத்தபடியே எழுதுச்சு. நான் அந்தப் பொண்ணைப் பாத்தேன். என் சொல்லு செல்லாதுன்னு நானே எழுதி வெச்சுட்டேன். இருந்தாலும் சொல்றேன். பாத்தேன்."

இப்போது சிரிப்பு இல்லை. துணைவேந்தரின் கை பழுப்பு உறையைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளியது.

"உள்ளேன் ஐயா."

பின்வரிசையிலிருந்து வந்த குரல். நெடுநெடுவென்று நவநீதன் நின்றுகொண்டிருந்தான்.

"திரி நான்தானுங்க. தாரகைக்குச் சாட்சி போட்ட திரி." தொண்டையைச் செருமினான். "ஆனா அதுல நாப்பத்தொம்பது நாள்தானுங்க என்னோடது. நடுவுல நாலு நாளு எனக்கு ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்துச்சு. போனு எங்கம்மாகிட்ட இருந்துச்சு. அந்த நாலு நாளு யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரீலீங்க."

மகுடேஸ்வரி திரும்பினாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு இடதுபக்கம், எதற்கும் வாய் திறக்காத ரம்யபாரதி என்கிற பெண் பாதி எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முழுதும் எழுந்தாள்.

"ஒரு நாளு நானுங்க. காலையில எட்டு மணிக்கு ஏட்டைப் பாத்தேன். தினமும் திரி போட்டிருக்கும். முந்தின நாளுக்கு மட்டும் காலியா கெடந்துச்சு. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. போட்டுட்டேன்."

'ஒரு மாதிரி' என்றதும் யாரோ களுக்கென்றார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

"மத்தியானம் ஒண்ணு இருவதுக்குப் போட்டது நானு," என்றான் நடுவிலிருந்து ஒருவன். "சாப்பாட்டு டைம். நான் ஒருத்தந்தான்னு நெனைச்சேன்."

"ஒன்பது மணிக்குப் போட்டுட்டு, மாட்டிக்குவமோன்னு ராத்திரி பூராத் தூங்கலீங்க," என்றது இன்னொரு குரல்.

நான்காவது ஆள் எழுந்தபோது வகுப்பே திரும்பிப் பார்த்தது. குரூப்பில் முதலில் அந்தச் செய்தியைப் போட்டவனே அவன்தான். காது மடல் சிவந்திருந்தது. "ஆறரை மணி," என்று மட்டும் சொன்னான்.

ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று மாதமாக ஒரே வகுப்பில், ஒருவருக்கு மற்றவர் பயந்து, ஒரே பொய்ப் பெயருக்குள் ஒளிந்துகொண்டிருந்தவர்கள்.

"நவநீதா, மணி நாலு நாப்பது," என்றாள் மகுடேஸ்வரி மைக்கில்.

அவனுக்குப் புரிந்தது. போனை எடுத்தான். மற்ற நால்வரும் எடுத்தார்கள். "கண்ணால பாத்த நாளுக்கு மட்டும் போடுங்கப்பா," என்றான் நவநீதன், லீடர் குரல் திரும்பியிருந்தது. "எச்சா ஒண்ணுகூட வேண்டாம். அது வாங்கிக்காது."

மூன்றாவது வரிசை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த தாரகையின் போன் அதிரத் தொடங்கியது. நிற்கவே இல்லை. அவள் ஒவ்வொரு வரியாகப் பெயர்களைப் படித்தாள். நிஜப் பெயர்கள், இனிஷியலோடு. தலையைத் தூக்கி அந்த ஐந்து பேரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு 'ஏற்கிறேன்' என்று அமுக்கினாள்.

நாற்பத்து நான்கு நாளுக்கு ஐந்து சாட்சி தேறியது. பழைய பதினொன்றும் சேர்ந்து ஐம்பத்தைந்து. எண்பத்தாறு சதவீதம். நாலு ஐம்பத்தொன்றுக்கு ஹால் டிக்கெட் பச்சையாக எட்டிப் பார்த்தது.

செயலாளர் அம்மா மகுடேஸ்வரியை அருகில் அழைத்தார். "இதை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தா?" என்று கேட்டார்.

"பக்கத்துப் பெட்ல இருக்கறவங்களுக்குப் பிடிக்காதவங்க செத்தே போயிருப்பாங்க மேடம்."

"நல்லவேளை," என்று சொல்லிவிட்டு அவர் காரைத் தேடிப் போனார். துணைவேந்தர் பின்னாலேயே ஓடினார், உறையோடு. கதவருகே நின்று, "நிரந்தரம் பத்தி ஜூன்ல பேசலாம்மா," என்றார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. ஜூன் என்றால் நோட்டீஸ் போர்டு. பழகிய இடம்தான்.

அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. மகுடேஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். ஐந்து மணிக்கு அன்றைய பக்கம் மூடப்படும். விழா நாளும் வேலை நாள்தான். குட்டு உடைந்துவிட்டது, இனி எவன் திரிக்கு அமுக்கப் போகிறான்? அவன் முதல் தடவையாக ஆப்சென்ட் ஆவதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அழிக்கத்தான் முடியாது, லீவாவது போடட்டும்.

4.58. மா. திரி. உள்ளார்: 4.

அந்த நால்வர் யார் என்று பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. 4.59. எண் நகர்ந்தது. உள்ளார்: 5. பக்கம் மூடிக்கொண்டது. முத்திரை விழுந்தது. இனி யாராலும் கிழிக்க முடியாது.

ஐந்தாவது பெயரைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள். தாரகை படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விழாவுக்காக இன்னும் கிளம்பாமல் நின்ற பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதாக யாரோ கூவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா தாரகை, பாக்காத ஆளுக்கு அமுக்கமாட்டேன்னு சொன்னவ நீதானே?"

"ஆமாங்க மேடம்."

"அப்பத் திரிக்கு?"

தாரகை செருப்பு வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னைக்குத்தானுங்க பாத்தேன்," என்றாள். "அஞ்சு பேரா வந்தாருங்களே."